பட்டியல்கள் ஒத்துப்போகாத பருவம்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை, பாடமாகப் பிறந்தது. திருச்சியில் ஒரு பதிப்பகத்தார் தங்கள் பாடநூலுக்கு என்னிடம் ஒரே ஒரு பாடம் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள்: ‘தகவல் முறைமைகளின் உருவாக்க வாழ்க்கைச் சுழற்சி’.

படிக்கும்போதே உங்களுக்குக் கொட்டாவி வந்தால் வெட்கப்பட வேண்டாம், எனக்கும் வந்தது. உள்ளே இருப்பது என்னவோ எளிய விஷயம்தான். ஒரு வேலையைக் கையால் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். முதலில் என்ன தேவை என்று கேட்கிறோம். இப்போது எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கிறோம். புதியதற்குப் படம் போடுகிறோம், எழுதுகிறோம், சோதிக்கிறோம், பழையதை நிறுத்துகிறோம். பிறகு காலம் பூராவும் பராமரிக்கிறோம். அதுவும் கிழடு தட்டிப்போனால் திரும்பவும் தேவையிலிருந்து தொடங்குகிறோம். அதனால்தான் சுழற்சி.

‘உள்ளூர் உதாரணம் ஒன்றுடன் விளக்கவும்’ என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது. எனக்குத் தெரிந்த உதாரணத்தில் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் பாடத்துக்குள் அடங்க மாட்டேன் என்றார்கள்.

2. தேவை

முதல் தொடக்கம்: “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு, பனி விலகாத ஒரு தை மாதக் காலையில், கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாக...”

(அடித்துவிட்டேன். பனி, காலை, வண்டி. வேறு யாராவது எழுதியிருந்தால் நான் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன்.)

இரண்டாம் தொடக்கம்: “அந்தச் சர்க்கரை ஆலையிலேயே குளிர்ந்த அறை அது ஒன்றுதான்.”

இது தேவலை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். திரையில் பச்சை எழுத்துகள். பிரிண்டர் ஓடினால் பக்கத்து அறை டைப்பிஸ்ட் காதைப் பொத்திக்கொள்வார். வெயில் ஏற ஏற ஆபீசர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த அறையில் வந்து தீர்த்துக்கொள்ள ஏதாவது ஒரு சந்தேகம் முளைத்துவிடும். நாற்காலியை ஏ.சி.க்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்பறம், மிஷின் என்ன சொல்லுது?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

நான் மலர்க்கொடி. அந்த அறையில் விவரங்களைத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. அந்த அறையை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை.

(ஆலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே இந்தக் கதைக்காக நானே கட்டிக்கொண்ட ஆலை அது. அப்போது இரண்டு ஊரும் திருச்சி ஜில்லா. என் ஆலைக்கு மட்டும் ஜில்லாவே கிடையாது.)

தேவை இதுதான். யார் வயல் கரும்பை எப்போது வெட்டுவது என்று வாரம் ஒருமுறை ஆலை உத்தரவு போடும். முதலில் நட்டவருக்கு முதலில் வெட்டு. உத்தரவு கைக்கு வந்ததும் விவசாயி வயலுக்குத் தண்ணீரை நிறுத்துவார். வெட்டு தள்ளிப்போனால் நின்ற இடத்திலேயே கரும்பு காய்ந்து எடை குறையும். ஆகவே அந்தப் பட்டியலில் ஒரு பெயர் மேலே போவதும் கீழே போவதும் ஒரு குடும்பத்தின் வருஷத்தையே மாற்றிவிடும்.

அந்தப் பட்டியலைக் கையால் எழுதிக்கொண்டிருந்தவள் அமிர்தவல்லி.

3. ஆய்வு

அவளை வர்ணிக்க ஆரம்பித்தேன். “மாநிறம், நெற்றியில்...” (வேண்டாம். நெற்றியில் என்ன இருந்தால் உங்களுக்கு என்ன?)

அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷன் பம்பாய்க்குப் போனவன், திரும்பவில்லை. வீட்டில் ஒரு மகளும் அம்மாவும். ஆலையில் அவள் வேலை தற்காலிகம், வருஷக்கணக்காகத் தற்காலிகம். பிரிண்டர் தாளின் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக வருமே, அந்தக் கீற்றுகளை நான் கிழித்துச் சேர்த்து வைப்பேன். மகள் மாலை கட்டி விளையாடட்டும் என்று அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள்.

கம்ப்யூட்டரோடு சென்னைக் கம்பெனி அனுப்பி வைத்தவர் தர்மராஜ். பிறந்தது அரியலூர்ப் பக்கம் கீழப்பழுவூர் என்பதால் பேச்சில் சென்னை ஒட்டவில்லை. வந்த அன்றே அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க எப்புடி எழுதுறீங்களோ அப்புடியே எழுதுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“பாத்துக்கிட்டு இருந்தா எனக்குக் கை ஓடாது சார்.”

“சரி, நான் ஜன்னலப் பாக்குறேன். நீங்க சத்தமா சொல்லிக்கிட்டே எழுதுங்க.”

இப்படியே பல வாரம் போனது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்பார், அவள் ஊர் ஊராக, பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். பாடநூலில் இதற்கு ‘பயனரிடம் தகவல் திரட்டல்’ என்று பெயர். திரட்டப்படும் ஒவ்வொரு தகவலும் அவளுடைய நாற்காலியை அறைக்கு வெளியே நகர்த்துகிறது என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டீ வந்தால் நிறுத்திக்கொள்வார்கள்.

4. வடிவமைப்பு, கட்டுதல்

(இந்தப் பகுதியில் சுவாரசியமாக எதுவும் நடக்கவில்லை. தர்மராஜ் கட்டம் கட்டமாகப் படம் போட்டார். அதைப் புரோகிராமாக எழுதினார். கரண்ட் போனது. மறுபடி எழுதினார். பாடத்தில் இதுதான் மிக நீளமான பகுதி, கதையில் இவ்வளவு போதும்.)

5. இணையோட்டம்

பழையதை நிறுத்துவதற்கு முன் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே விடை சொன்னால்தான் நிறுத்தலாம். இதன் பெயர் இணையோட்டம். மானேஜர் இராமலிங்கம் சார் விதியைத் தெளிவாக எழுதி ஒட்டினார்: கைப்பட்டியலும் மிஷின் பட்டியலும் பெயருக்குப் பெயர் ஒத்துப்போகும் வாரத்தோடு கைப்பட்டியல் நிறுத்தப்படும். அதை எழுதும் தற்காலிகப் பணியிடமும் அன்றோடு முடியும். அதுவரை கைப்பட்டியல்தான் செல்லும்.

முதல் வாரம் இரண்டு பெயர்கள் மேல்கீழாக இருந்தன. தர்மராஜ் பதறிப்போய்ப் புரோகிராமை வரி வரியாகப் படித்தார். அடுத்த வாரம் வேறு இரண்டு பெயர்கள். மறுபடி படித்தார். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

ஒரு மத்தியானம் நடவுத் தேதிகளை எடுத்து வைத்து இரண்டு பட்டியலையும் சரிபார்த்தார். புரோகிராமில் பிழை இல்லை. கைப்பட்டியலில்தான் இருந்தது. மாறியிருந்தவை எப்போதும் பக்கத்துப் பக்கத்து வயல்கள். ஒரே நாளில், ஒரே வெட்டாட்கள் வெட்டிவிடுகிற வயல்கள். யார் பெயர் முன்னால் வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாதபடி பார்த்துப் பார்த்து மாற்றியிருந்தாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்ன சார், கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க. பாக்கணும்.”

அந்த வார அறிக்கையில், ‘புரோகிராமில் பிழை திருத்தப்பட்டது’ என்று எழுதினார். கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த வாரம் ஓர் எழுத்துகூடத் திருத்தப்படவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள், யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் பிழை ‘திருத்தப்பட்டது’. அதற்கடுத்த வாரமும்.

எனக்குப் பிடித்த வாரங்கள் இவைதான். வெளியே வெல்லப்பாகு வாசனை. உள்ளே மூன்று பேர். ஒருத்தி பொய்ப் பட்டியல் எழுதுகிறாள், ஒருவர் பொய் அறிக்கை எழுதுகிறார், இரண்டையும் நான் கோப்பில் கோக்கிறேன். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக வேறெந்த ஆபீசிலும் நான் இருந்ததில்லை.

6. சோதனை

ஆலையை விட்ட பிறகு நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன். இதுவரை எழுதியதை அங்கே என்னோடு வேலை பார்த்த பூமாலையிடம் கொடுத்தேன். ஆளை வைத்துச் சோதிக்காமல் எதையும் வெளியே விடக்கூடாது என்று நான்தானே பாடம் நடத்தியவள்.

“தர்மராஜ நான் நம்ப மாட்டேன்,” என்றாள். “அந்தாளுக்கு இதுல என்ன லாபம்?”

நியாயமான கேள்வி. லாபம் இல்லை, நஷ்டம்தான் இருந்தது. இந்த அரவைப் பருவத்துக்குள் முடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடும்படியும், இனித் தனியாக எந்த வேலையும் ஒப்படைக்கப்படாது என்றும் கம்பெனி கடிதம் போட்டிருந்தது. நான் படித்தேன், மேசை மேலேதான் கிடந்தது.

பதிப்பகத்தார் கேட்டாலும் கேட்பார்கள் என்று ஒரு காதல் காட்சியும் எழுதி வைத்தேன். “மழை பெய்துகொண்டிருந்தது. கரண்ட் போயிருந்தது. அவர் அவளருகே...” (கிழித்துவிட்டேன். கரண்ட் போனால் அந்த அறையில் புழுக்கம் தாங்காது. மூன்று பேரும் வெளியே ஓடிவந்துவிடுவோம்.)

ஒருமுறை டீ குடிக்கும்போது, அவள் இல்லாத நேரத்தில், அவர் என்னிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. “என் புரோகிராம் சரின்னு ஆயிட்டா இந்த ரூம்ல ஒரு நாற்காலி காலியாயிடும் மலரு. சரியா எழுதுறதுக்குத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இதுக்கு என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல.”

பூமாலை நம்பவில்லை. நீங்களும் நம்பாமல் போகலாம். அவரை இதற்கு மேல் நம்பும்படியாக எழுத எனக்குத் தெரியவில்லை.

7. பிழை

மாசிக் கடைசியில் பூலாம்பாடிப் பட்டியலில் பிச்சைமுத்துவும் செல்லக்கண்ணுவும் இடம் மாறினார்கள். பக்கத்துப் பக்கத்து வயல், ஒரே வெட்டாட்கள், ஒரே நாள். வழக்கம்போல யாருக்கும் நஷ்டமில்லாத மாற்றம்.

பிச்சைமுத்துவின் கரும்பு வண்டி ஏறியது. அன்று மத்தியானம் ஆலையில் கரும்பு பிழியும் ரோலர் உடைந்து அரவை நின்றது. வெட்டும் நின்றது. நியாயப்படி முதலில் வெட்டியிருக்க வேண்டிய செல்லக்கண்ணுவின் கரும்பு பல நாள் வயலிலேயே நின்று காய்ந்தது.

அரவை மறுநாள் தொடங்கும் என்று தெரிந்ததும் அவர் மானேஜர் அறைக்கு வந்தார். எங்களையும் கூப்பிட்டார்கள்.

“ஆர்டர் வந்துச்சுன்னு தண்ணிய நிறுத்துனேன் சார். பக்கத்து வயலு போயிருச்சு, என்னுது நின்னு காயுது. நடவுல நான்தான் முந்தி. மிஷின் வந்ததுலேர்ந்துதான் இப்புடியெல்லாம் நடக்குது.”

இராமலிங்கம் சார் இரண்டு பட்டியலையும் மேசையில் விரித்தார். மிஷின் சரியாகத்தான் சொல்லியிருந்தது. கைப்பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு அமிர்தவல்லியைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள்.

தர்மராஜ் முந்திக்கொண்டார். “மிஷின்ல மொதல்ல வந்ததே தப்பு சார். அதப் பாத்து எழுதுங்கன்னு நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். அப்பறம் திருத்தி மறுபடி அடிச்சேன். அவங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்.”

செல்லக்கண்ணு குறுக்கே பேசினார். “யாரு தப்புன்னு தெரிஞ்சு நான் என்ன சார் பண்ணப்போறேன்? என் கரும்ப எப்ப வெட்டுவீங்க, அதச் சொல்லுங்க.”

“புதுப் பட்டியல் ரெண்டும் இப்பவே வேணும்,” என்றார் இராமலிங்கம் சார். “இவரு இங்கயே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டு இவரு கையிலயே குடுத்து அனுப்புறேன்.”

8. மாற்றம்

பாடநூல் முடிவு: ‘இவ்வாறு புதிய முறைமை வெற்றிகரமாக நடைமுறைக்கு வந்தது.’ (பதிப்பகத்தாருக்கு இதைத்தான் அனுப்பினேன். அச்சாகிவிட்டது. போய்ப் படித்துக்கொள்ளலாம்.)

நடந்தது இது. அறைக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அமிர்தவல்லி நடவுத் தேதிகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். அன்று மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதி முடித்ததை நான் வாங்கிப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் முதல் தடவையாக ஒரு பெயர்கூட இடம் மாறவில்லை. செல்லக்கண்ணு முதலில். கடைசிப் பெயர்வரை எல்லாம் சரி. காய்ந்த கரும்பைப் பார்த்துவிட்ட பிறகு அவளால் தப்பாக எழுத முடியவில்லை. இது ஒத்துப்போனால் அன்றோடு வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

தர்மராஜ் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவரே கீபோர்டில் உட்கார்ந்தார். அவள் எழுதியதை அவர் பார்க்கவில்லை. பிரிண்டர் ஓடியது. தாளைக் கிழித்துக்கொண்டு நடந்தார்.

மானேஜர் மேசையில் இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் செல்லக்கண்ணு முதலில். மேலிருந்து ஒவ்வொன்றாக ஒத்துப்போய்க்கொண்டே வந்தது. அமிர்தவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் ஆண்டிமடம் பக்கத்து இரண்டு வயல்கள். பக்கத்துப் பக்கத்து வயல்கள். அந்த இரண்டு பெயர்களும் மிஷின் பட்டியலில் மேல்கீழாக மாறியிருந்தன.

இராமலிங்கம் சார் நடவுத் தேதியை வாங்கிப் பார்த்தார். கைப்பட்டியல் சரி. மிஷின் தப்பு. அவர் முட்டாள் இல்லை. முதலில் தர்மராஜை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அவளை. அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. என்றும் தப்பாக எழுதியவள் அன்று சரியாக எழுதியிருந்தாள். என்றும் சரியாக அடித்தவர் அன்று தப்பாக அடித்திருந்தார்.

இராமலிங்கம் சார் பேனாவைத் திறந்தார்.

அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ தீர்ப்புச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுவீர்கள். அதனால் அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு அந்த நாற்காலியை உங்களுக்குத் தருகிறேன். உட்காருங்கள்.

கைப்பட்டியலில் கையெழுத்துப் போட்டால் அவள் இருப்பாள், அவர் கெட்ட பெயரோடு சென்னைக்கு பஸ் ஏறுவார். ‘மிஷின் பட்டியலை இன்னொரு தடவை அடித்துக் கொண்டு வாங்க’ என்று சொன்னால் போதும், இரண்டும் ஒத்துப்போகும். எல்லாமே ஒழுங்காகிவிடும், அவள் மகளைத் தவிர. செல்லக்கண்ணுவை நினைத்துத் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. அவர் இரண்டு தாளிலும் முதலில் இருக்கிறார், நாளைக்கு அவர் கரும்பு எப்படியும் வெட்டுக்குப் போகும்.

இரண்டு பேரும் உங்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். உண்மை என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பேனா திறந்திருக்கிறது. சொல்லுங்க சார்.