திருப்பிப் போட்ட முக்கோணம்

கணக்கு டீச்சர் சர்வசம முக்கோணம் நடத்தினால் கத்தரிக்கோல் சத்தம் வராந்தா வரை கேட்கும். வாயால் சொன்னால் எந்தப் பிள்ளை நம்புகிறது? அட்டையில் இரண்டு முக்கோணம் வெட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வை, பொருந்தினால் சர்வசமம். அவ்வளவுதான் சங்கதி.

கடைசி பெஞ்சு வாயாடி கையைத் தூக்கினாள். "டீச்சர், என்னோடது எப்படிச் சுத்தினாலும் பொருந்த மாட்டேங்குது."

டீச்சர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் போட்டாள். பொருந்தியது. "இதோட மூணு பக்கமும் அதோட மூணு பக்கமும் சமம். திருப்பிப் போட்டா என்ன, சர்வசமம்தான்."

"அதுக்கு மேசையை விட்டே தூக்க வேண்டியிருக்கே டீச்சர்?"

வாயாடி சும்மாதான் கேட்டாள். டீச்சருக்குப் புருஷன் ஞாபகம் வந்துவிட்டது.

புதன்கிழமையிலிருந்து அவள் கணவர் இடக்கையால் துணி வெட்டுகிறார். பேர்போன தையல்காரர், இப்போது சொந்தக் கத்தரியே கைக்கு அடங்கவில்லை. இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது. நாத்தனாரிடம் சொன்னதற்கு, "பதினாறு வருஷம் குடும்பம் நடத்திட்டு, அண்ணனுக்கு மச்சம் எந்தப் பக்கம்னு இப்பதான் சந்தேகமா அண்ணி?" என்று சிரித்துவிட்டாள். அவர் அசந்திருந்தபோது டேப்பை எடுத்துத் தோள், கை, கழுத்து எல்லாம் அளந்தும் பார்த்தாள். நூலிழை பிசகவில்லை. அளவு சரி, ஆளும் சரி என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அந்தத் தேறுதலில் வாயாடி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் நேரே தையல் கடைக்குப் போனாள். அவர் அளவு நோட்டைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து, அதில் தெரிந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை உங்களை யாரு தூக்கினா?" என்று கேட்டே விட்டாள்.

அவர் நோட்டைக் கீழே இறக்கினார். "உனக்கு எப்படித் தெரியும்? யாருன்னு தெரியலம்மா. தூக்குச்சு. இன்னொருத்தன் மேல என்னை வச்சுப் பார்த்துச்சு. அவனும் நான்தான், இடம் வலம் மட்டும் மாறி இருந்தான். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத் திருப்புச்சு. பொருந்துச்சு. அப்புறம் கீழ வச்சுருச்சு."

"அவங்கவங்க இடத்துலயா?"

"அதான் தெரியல." அவர் நோட்டை மூடி வைத்தார். "அவனுக்கும் இதே மாதிரி கடை, இதே மாதிரி நோட்டு. அவன் பொண்டாட்டியும் கணக்கு டீச்சர்தான். நான் உன் ஆளுதானான்னு எனக்கே பயமா இருக்கு."

இந்த மனுஷனை விட்டுவிட்டு அவள் எங்கே போய்த் தேடுவாள்?

"எப்படித் திருப்பிப் போட்டாலும் நீங்க என் ஆளுதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "என்னம்மா இது? இத்தனை வருஷத்துல நீ அழுது நான் பார்த்ததே இல்லையே!"

அவள் அழுகை அப்படியே நின்றது. தொட்டதற்கெல்லாம் அழுகிறாள் என்று அவளுக்குத் 'தண்ணிக்குழாய்' என்று பட்டப்பெயர் வைத்ததே அவள் புருஷன்தான்.