அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்

காசு கேட்டு வருகிறவர்களைக் கண்டாலே டைப் அக்காவுக்கு ஆகாது. சொந்தக்காரன் கேட்டால்கூட மன்னித்துவிடுவாள். நல்லது கெட்டதுக்காவது வந்து தலைகாட்டியிருப்பான். ஆனால் பத்து வருஷம் இருக்கிறானா செத்தானா என்றே தெரியாமல் கிடந்துவிட்டு, திடீரென்று போனில் “நல்லா இருக்கீங்களா? குழந்தைங்க நல்லா இருக்காங்களா?” என்று ஆரம்பிக்கிறானே, அவனை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வரும். நாலாவது வரியில் ஆஸ்பத்திரி வந்துவிடும். ஐந்தாவது வரியில் தொகை. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவளுடைய ஜெராக்ஸ் கடை. மனுவோ ராஜினாமாவோ, அவள் டைப் அடித்துக் கொடுத்தால் எதிராளி வாயடைத்துப் போவான் என்று தெருவில் பேர். அதனால் யாருக்காவது இப்படி ஒரு மெசேஜ் வந்தால், போனைத் தூக்கிக்கொண்டு நேரே அவளிடம்தான் வருவார்கள். மனுவுக்குக் காசு வாங்குவாள், இதற்கு வாங்கமாட்டாள். “இது என் பொழுதுபோக்கு” என்பாள், கொஞ்சமும் கூசாமல்.

அதற்கென்று ஒரு முறையே வைத்திருந்தாள். ‘இல்லை’ என்ற வார்த்தை வரவே கூடாது. நம் கஷ்டத்தைச் சொல்லி அழக்கூடாது, அது தீரட்டும் என்று காத்திருப்பான். ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று மட்டும் எழுதினால் தொலைந்தோம், ஒன்றாம் தேதி வாசலில் நிற்பான். கடைசி வரியில் அவன் அம்மாவை விசாரிக்க வேண்டும். அத்தோடு ஆள் அடங்கிவிடுவான்.

“அம்மா போய்ச் சேர்ந்திருந்தா?” என்று ஒருத்தி கேட்டதற்கு, “இன்னும் நல்லது. பதிலே வராது” என்றாள் டைப் அக்கா. கடையே சிரித்தது.

அப்பேர்ப்பட்டவளுக்கு வந்தது வினை. கட்டடத்துக்காரர் முன்பணத்தை மூன்று மடங்காக்கிவிட்டார். பதினைந்தாம் தேதிக்குள் கட்டவில்லையென்றால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். செல்போன் கடைக்காரன் ஒருத்தன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். பையன் படிப்பும் வீட்டு அடுப்பும் அந்த ஒரு மெஷினை நம்பித்தான். பேங்கில் உதட்டைப் பிதுக்கினார்கள். அண்ணன் போனையே எடுக்கவில்லை.

பதிமூன்றாம் தேதி ராத்திரி, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு எழுதினாள். பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. கடைசியாகப் பார்த்தபோது, தான் சொந்தமாகப் பெரிய அச்சகம் நடத்துவதாக அவளிடம் டைப் அக்கா பீற்றிக்கொண்டிருந்தாள். அதனால் ஜெராக்ஸ் கடை என்று வாய் திறக்காமல், ‘தொழிலில் ஒரு நெருக்கடி’ என்று மட்டும் போட்டாள். நல்லா இருக்கியா, குழந்தைங்க நல்லா இருக்காங்களா... விரல் தானாகவே அடித்தது. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும் அனுப்பினாள்.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள், கையில் போன்.

“அக்கா, உங்களுக்கு ஒரு வேலை. என் நாத்தனாருக்கு வந்திருக்கு. யாரோ கூடப் படிச்சவளாம். பதினோரு வருஷம் கழிச்சு ஞாபகம் வந்துச்சாம் மகாராணிக்கு!”

டைப் அக்கா வாங்கிப் பார்த்தாள். பேர் இல்லை. வரி மட்டும் இருந்தது. அவளுடைய வரி.

“ஆஸ்பத்திரிகூட இல்லக்கா, தொழில்ல நெருக்கடியாம். கொழுப்பப் பாருங்க! நாத்தனாருக்கு இளகின மனசு. பாவம், குடுத்துடலாம்னு நிக்கிறா. இரு, எங்க தெருவுல ஒரு ஆள் இருக்காங்கன்னு நான்தான் தடுத்து வச்சிருக்கேன்.”

ஒரு வார்த்தை போதும். கடை தங்கிவிடும்.

“குடுத்தாத்தான் என்னங்க?” என்றாள். “நிஜமாவே கஷ்டம் போல இருக்கு.”

மருந்துக்கடைக்காரி சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அக்கா, நீங்களா பேசறது? ஏன், யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் என்று சொல்லியிருந்தால் கடை மிச்சம். ஆனால் மானம் என்று ஒன்றை இத்தனை வருஷம் ஊரான் வீட்டுச் செலவில் வளர்த்து வைத்திருந்தாளே, அது விடுமா?

“எனக்கெப்படித் தெரியும்?” என்று சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தாள்.

‘அன்புத் தோழிக்கு, உன் செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன்னைப் போன்ற தைரியசாலிக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. நீயாகவே மீண்டு வருவாய். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.’

பழக்கதோஷத்தில் கை கடைசி வரி வரைக்கும் போய்விட்டது. டைப் அக்காவின் அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அழிக்கப் போனாள், அதற்குள் மருந்துக்கடைக்காரி போனைப் பிடுங்கிவிட்டாள்.

“அடேயப்பா! அம்மா இல்லாம முடிப்பீங்களா நீங்க!” என்று நாத்தனாருக்குத் தட்டிவிட்டாள். “இப்பவே அனுப்பிடுறாளாம். எவ்வளவுக்கா?”

“இதுக்கு நான் காசு வாங்கறதில்ல.”

மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த அவளுடைய போன் உறுமியது. எடுத்துப் பார்த்தாள். ஒரு எழுத்து மாறாமல் வந்திருந்தது.

“யாருக்கா?”

“யாரோ. காசு கேக்கறாங்க.”

“உங்ககிட்டயேவா!” மருந்துக்கடைக்காரிக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. “ஆள் தெரியாம வந்து மாட்டியிருக்கு, பாவம். என்ன பதில் போடப் போறீங்க?”

டைப் அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“பதில் போடமாட்டேன்” என்றாள்.