கடைசிப் படியில் ரோஜே மாமா

என் மாமனார் ரோஜே மாமா மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் வழுக்கி விழுந்து இறந்தார். 1978, மழைக்காலம். அதன் பிறகு என் மாமியார் பொலெத் அத்தை அந்தப் படியை மிதிப்பதை விட்டார். சுவரில் கையை ஊன்றி, அதைத் தாண்டித் தரையில் கால் வைப்பார். சிவப்புச் சிமெண்டுத் தரை. மாமாவுக்குப் பிடிக்கும் என்று மெழுகு தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். அத்தை ஏற்கெனவே இடுப்பெலும்பு முறிந்து தேறியவர். இன்னொரு முறை விழுந்தால் நடக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். வீட்டில் அத்தையும் நானும்தான். மெழுகு தேய்ப்பதை நிறுத்தினேன். பாவாடை என்ற தச்சரை வரவழைத்து, படியோரம் கைப்பிடி போடச் சொன்னேன்.

“கைப்பிடியா? அங்க அவரு உக்காந்திருக்காரு. மூஞ்சில கட்டைய அடிப்பியா?” என்றார் அத்தை.

பாவாடை வாயிலிருந்த ஆணியை எடுத்தார். “அதுக்கென்னா, ஐயாவ ஒரு படி மேல தள்ளி உக்காரச் சொல்லுங்கம்மா. எடம் கெடக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. வருடாவருடம் கடைசிப் படியில் ஏற்றும் மெழுகுவத்தியை அத்தை அதற்கு மேல்படியில் ஏற்றினார். மறுநாள் காலை கைப்பிடியைப் பிடித்து இறங்கியவர், அந்த மேல்படியைத் தாண்டிக் கடைசிப் படிக்குக் காலை நீட்டினார். கால் எட்டாமல் தடுமாறியது. ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“பர்தோன், ரோஜே,” என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார், படியைத் திரும்பிப் பார்த்து.

“அத்தே, இது அதவிட மோசம்.”

“ஒன் கைப்பிடிக்காகத்தான் நவுந்து குடுத்தாரு. இன்னும் எங்க போவச் சொல்றே அவர?”

மாமா இருந்தபோது அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியதில்லை. விலங்கியல் படித்தவள், இறந்தவர்கள் உட்கார மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் அத்தை சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் படியடியில் நின்றேன். மேல்படியில் மெழுகு உறைந்து கிடந்தது.

“மாமா, அத்தை விழுந்துடுவாங்க. மாடில ஒங்க நாற்காலிக்குப் போயிடுங்க.”

வெட்கமாக இருந்தது. சுரண்டுவதற்குக் கத்தி எடுக்கத் திரும்பினேன்.

மாடியில் அவருடைய பிரம்பு நாற்காலி முனகியது. யாராவது உட்கார்ந்தால் முனகுமே, அப்படி.

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“போயிட்டாரா?”

“போயிட்டாரு, அத்தே.”

இப்போது அத்தை கைப்பிடியைப் பிடித்து எல்லாப் படிகளையும் மிதித்து இறங்குகிறார். துணி காயப்போட மாடிக்குப் போகும்போது, அந்த நாற்காலியை நான்தான் தலைகுனிந்து கடக்கிறேன்.