கண்ணாடி மூடி

பெட்டியை நான் கையில் எடுக்கவே தேவையில்லாமல் போயிற்று. ஹாலுக்குள் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. நடு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். மூடி, கண்ணாடி.

கியூபா ஆலைகளில் சுருட்டுப் பெட்டிக்குக் கண்ணாடி மூடி போடுவதில்லை. கடற்கரையில் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாகத் திரியும் வெளியூர்க்காரர்களுக்கென்று கொல்லைப்புறத்தில் சுருட்டித் தள்ளுகிறவர்கள்தான் கண்ணாடி போடுவார்கள். உள்ளே வரிசையாகப் படுத்திருப்பதைக் காட்டினால் ஆள் மயங்கிவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகச் சுருட்டு விற்கிறேன். போலி என்ற இரண்டெழுத்தைச் சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பியிருக்கலாம்.

"வாங்க சுருட்டுக்காரரே, இப்படி வாங்க" என்று தலைவர் என் தோளில் கை போட்டுப் பக்கத்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

ஊரில் உயரமாக நிற்கும் கட்டடங்களில் பாதி அவர் கட்டியவை. கிளப்புக்கும் அவரே தலைவர். அவர் வீட்டு நாய்கூட அவரைத் தலைவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். கிளப்பின் புகை அறையில் என் சின்னக் கடை இருக்கிறது. அந்த இடத்தை எனக்கே மறுபடி கொடுப்பதா, வேறு ஆளுக்கா என்று அடுத்த மாதம் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

"நேத்து சாயங்காலம் என் மச்சான் முன்னாடி மானமே போச்சுய்யா" என்றார். "போன வருஷம் நானே கியூபாவுக்கு நேர்ல போய் வாங்கிட்டு வந்த பெட்டி. ஆலையில வேலை செய்யற பொண்ணோட அண்ணன், பின்வாசல் வழியா எடுத்துட்டு வந்து குடுத்தான். முத்திரையை அங்கயே பிரிச்சு மோந்து பார்த்தேன். என்ன மணம்! எட்டு மாசம் அலமாரியில வச்சிருந்தேன். நேத்து மச்சானுக்கு ஒண்ணு பத்த வச்சுக் குடுத்தா, ரெண்டு இழுப்புல இருமித் தள்ளிட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'மாப்பிள்ளை, இது சுருட்டா, இல்ல உங்க சைட்ல தேய்ஞ்சு போன தொடப்பமா?'ன்னான். என் பொண்டாட்டி வேற சிரிக்கறா."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் இடமா அது.

"டிரைவர் வேலைதான்" என்றார். "அலமாரிச் சாவி அவன்கிட்டதான். சுருட்டு காயாம இருக்க வாராவாரம் உள்ள இருக்கற பஞ்சை நனைச்சு வைக்கறவன் அவன். ஒவ்வொண்ணா உருவிட்டு மட்டமான சரக்கைச் சொருகிட்டான். பெட்டி அசல், உள்ள இருக்கறது போலி. அப்படித்தானே?"

"தலைவரே, பெட்டியை ஒரு தடவை..."

"நான் கேக்கல. சொல்றேன்." தோளிலிருந்த கை கொஞ்சம் அழுத்தியது. "கிளப் கடை விஷயமா ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. நான்தான், நம்ம சுருட்டுக்காரர் இருக்கும்போது வேற ஆள் எதுக்குன்னு சொல்லி அனுப்பினேன்."

பணக்காரன் வீட்டில் திருடன் இருக்கலாம். ஏமாளி இருக்கக் கூடாது. திருடு போனால் ஊர் அனுதாபப்படும். ஏமாந்தால் மச்சான் சிரிப்பார். எனக்கு நிலவரம் புரிந்தது. புரிந்த பிறகு நேரத்தை வீணாக்குவது என் வழக்கமில்லை.

ஹாலில் எல்லோரும் தயாராக இருந்தார்கள். சோபாவில் மச்சான், பல் டாக்டர், காலை ஆட்டிக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் அவர் தங்கை, வீட்டுக்காரம்மா. கதவோரம் டிரைவர், கைகளைக் கட்டிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் அந்த வீட்டிலேயே சமையல் பார்க்கும் அவன் மனைவி. கார் ஷெட்டுக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அவர்கள் குடித்தனம். ஒரே பெண், அடுத்த வாரம் அவளுக்குப் பொதுத்தேர்வு.

டிரைவரை எனக்கு நன்றாகத் தெரியும். வாரம் தவறாமல் தலைவருக்குச் சுருட்டு வாங்க என் கடைக்கு வருவான். வண்டியை நிழலில் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, "சார், இது எப்படி சார், அது எப்படி சார்" என்று துருவுவான். பஞ்சை எப்படி நனைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். என்னைக் கண்டதும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. நமக்கு வேண்டியவர் வந்துவிட்டார் என்ற வெளிச்சம்.

கையுறை மாட்டிக்கொண்டேன். அது வித்தை காட்ட. வேறு உபயோகம் கிடையாது. கண்ணாடி மூடியைத் திறந்து ஒரு சுருட்டை எடுத்துக் காதோரம் உருட்டினேன்.

"என்னய்யா, அது பேசுதா?" என்றார் பல் டாக்டர்.

"பேசும் டாக்டர். உங்ககிட்ட வர்ற பல்லு மாதிரி. வலிக்குதுன்னு சொல்லும்."

தலைவர் பலமாகச் சிரித்தார். சுருட்டைத் தட்டில் வைத்து நீளவாக்கில் கீறினேன். அசலாக இருந்தால் தலையிலிருந்து வால்வரை நீள நீளமான இலைகள் மடிந்து கிடக்கும். இதில் தூளும் காம்பும் கொட்டின. நடுவில் கோணிச்சாக்கு நூல் ஒன்றுகூட வந்தது. டாக்டர் அதை இரண்டு விரலால் தூக்கித் தங்கை முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"சுருட்டு போலி" என்றேன். "பெட்டி அசல். யாரோ உள்ளே இருந்ததை எடுத்துட்டு இதை வச்சிருக்காங்க."

"கேட்டியா மச்சான்?" என்று தலைவர் தொடையைத் தட்டினார். "நான் வாங்கினது அசல்! வீட்டுக்குள்ளதான் எலி!"

எல்லாத் தலைகளும் கதவோரம் திரும்பின. டிரைவர் அவர்களைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான்.

"சார்" என்றான் மெதுவாக. "பெட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க சார்."

"எதுக்கு?"

"நீங்கதான சார் சொன்னீங்க? அசல் பெட்டின்னா அடியில சூட்டுக்கோல் போட்டு எழுத்தைப் பொசுக்கியிருப்பாங்க, விரலை வச்சா பள்ளம் தெரியும், போலியில வெறும் மைதான்னு. எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. இதுல அந்தப் பள்ளம் இல்ல சார். பஞ்சு நனைக்கும்போது நானே தடவிப் பார்த்திருக்கேன். முதலாளி சங்கடப்படுவாருன்னு சொல்லல."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கடையில் பொழுது போகாமல் நான் அளந்ததையெல்லாம் இவன் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடிப்பக்கம் முழுவதையும் என் உள்ளங்கை மூடியது. வழவழவென்றிருந்தது, குழந்தை கன்னம் மாதிரி.

"எல்லாப் பெட்டிக்கும் சூடு போட மாட்டாங்க" என்றேன். "இது ஸ்பெஷல். கண்ணாடி மூடி பார்த்தே இல்ல? அரைகுறையா கேட்டுட்டுப் பேசக் கூடாது தம்பி."

அவன் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கையுறையைச் சரிசெய்தேன்.

"திருடினதும் இல்லாம எனக்கே பாடம் எடுக்கறியாடா?" என்று தலைவர் எழுந்தார். "நான் கொண்டுவந்தது போலின்னு சொல்ற அளவுக்கு ஆயிட்டே? இங்க பாரு. போலீஸ் ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம். ஒரு போன் போதும். எடுத்தேன்னு ஒத்துக்கிட்டா போலீஸ் இல்ல. இல்லேன்னு சாதிச்சா, உன் பொண்ணு பரீட்சைக்குப் போறப்ப நீ உள்ள இருப்பே. எது வேணும்?"

"நான் எடுக்கலீங்க முதலாளி. அவ மேல சத்தியமா..."

"எவ மேல? இவ மேலயா?" தலைவர் அவன் மனைவியைக் காட்டினார். "இவளையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லட்டா? ரூம்ல சாமானையெல்லாம் தெருவுல கொட்டித் தேடட்டா?"

"ஏங்க, காலங்காத்தால எதுக்கு..." என்று வீட்டுக்காரம்மா ஆரம்பித்தார். தலைவர் திரும்பிப் பார்த்ததும் புடவைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்ட ஆரம்பித்தார்.

டிரைவரின் மனைவி புருஷன் முதுகில் விரலால் குத்தினாள். "ஒத்துக்கோங்க" என்றாள். "எடுத்தேன்னு சொல்லிடுங்க. புள்ளை மாடியில படிச்சிட்டிருக்கா. சொல்லித் தொலைங்க."

டிரைவரின் பார்வை என் மடிக்கு வந்தது. பெட்டியின் அடியில் இன்னும் விரித்திருந்த என் கையில் நின்றது. பிறகு நிமிர்ந்தான்.

"எடுத்தேன் முதலாளி."

தலைவர் மூச்சுவிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஒரு அசல் சுருட்டுகூட இல்லாத இடத்தில் இருபத்தைந்து சுருட்டைத் திருடியதாக ஒருவன் ஒத்துக்கொண்டுவிட்டான். இனி காபி வரும், குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

"எங்கடா வச்சிருக்கே?"

"வித்துட்டேன்."

"யார்கிட்ட?"

"இந்த ஊர்ல கியூபா சுருட்டை யாரு முதலாளி வாங்குவாங்க?" என்று என்னைக் கை காட்டினான். "இவர்கிட்டதான். வாரா வாரம் நாலு, அஞ்சுன்னு கொண்டுபோய்க் குடுத்தேன். உள்ள வைக்கறதுக்கு இந்தக் குப்பையைக் குடுத்ததும் இவருதான்."

டாக்டர் ஒரு நொடி வாயைப் பிளந்தார். பிறகு சோபாவே குலுங்க ஆரம்பித்தது. "ஐயோ மாப்பிள்ளை! திருடனைக் கூப்பிட்டே திருட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கீங்களே! கையுறை வேற மாட்டிட்டு வந்தான் பாருங்க!"

"பொய்!" என்றேன். என் காதுக்கே நம்பும்படி இல்லை.

"வாராவாரம் இவன் உங்க கடைக்கு வர்றது பொய்யா?" என்றார் தலைவர். "உக்கார வச்சு மணிக்கணக்காப் பேசறது பொய்யா? அடியில சூடு, பள்ளம், விரலை வச்சாத் தெரியும்னு டிரைவருக்கு எதுக்குய்யா இவ்வளவு பாடம்?"

பெட்டி என் மடியில் இருந்தது. திருப்பிக் காட்டினால் போதும். தலைவரே, திருடவும் இல்லை, விற்கவும் இல்லை, ஆரம்பத்திலிருந்தே இது குப்பை, உங்களைக் கடற்கரையில் மொட்டையடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால், அசல் என்று இப்போதுதான் அடித்துச் சொன்ன வாய் எது என்று கேட்பார்கள். அதுவும் அந்த மச்சான் எதிரில். கிளப் கடை அந்த நிமிஷமே போகும்.

தலைவர் முகத்தைப் பார்த்தேன். வராந்தாவில் பேசியதை நினைத்தாவது கண்ணைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த முகத்தில் நிஜமான கோபம் இருந்தது. நான் சொன்ன பொய்யை என்னைவிட அவர் முழுசாக நம்பிவிட்டார். அவருடைய அசல் பெட்டி நிஜமாகவே திருடு போயிருந்தது. திருட்டுப் பொருளை வாங்கியவன் எதிரே உட்கார்ந்திருந்தான்.

வாயை மூடிக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையில ஒரு அசல் பெட்டி இங்க இருக்கணும்" என்றார். "கிளப் கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம். டேய், நீ சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு."

"ஒத்துக்கிட்டா ஒண்ணுமில்லேன்னு சொன்னீங்களே முதலாளி" என்றாள் அவன் மனைவி.

"போலீஸ் இல்லேன்னேன். வேலை உண்டுன்னு சொன்னேனா?"

காபி வரவில்லை. கொண்டுவர வேண்டியவள் கார் ஷெட் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

நான் ஆட்டோ கிடைக்காமல் கேட்டுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றேன். டிரைவர் ஒரு மெத்தையைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் போட்டான். அவன் பெண் கயிற்றால் கட்டிய புத்தகங்களைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

"ஏன்யா இப்படிப் பண்ணே?" என்றேன். "உன்னை நான் எவ்வளவு மரியாதையா நடத்தினேன்."

அவன் தோளைத் துடைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோங்க சார்னு சொல்லலாம்னுதான் பக்கத்துல வந்தேன். வாயில வரல சார்." மறுபடியும் மாடிக்குப் போனான். அவனை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் காலை என் கடையிலிருந்ததிலேயே நல்ல பெட்டியைக் கொண்டுபோனேன். மரமூடி. ஓரத்தில் பச்சை முத்திரை, பிரிக்காதது. அடியில் சூட்டுக்கோல் எழுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் படிக்கலாம். பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காத்திருந்தார்.

தலைவர் ஒன்றைப் பற்றவைத்தார். இழுத்தார். கண்ணை மூடினார். உதட்டைப் பிதுக்கினார்.

"என்னுது மாதிரி இல்லையே" என்றார். "அன்னைக்கு மோந்து பார்த்தப்ப ஒரு மணம் வந்துச்சு பாருங்க, அது இதுல இல்ல."

டாக்டர் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து அடிப்பக்கத்தில் கட்டை விரலை ஓட்டினார். "இதென்னய்யா கருகிப் போய்க் குழி குழியா இருக்கு? மாப்பிள்ளை பெட்டி எவ்வளவு வழவழன்னு இருந்துச்சு!"

"அதுதான் டாக்டர் அசலுக்கு அடையாளம்."

"நேத்து வேற சொன்னீங்களே? எல்லாத்துக்கும் இருக்காதுன்னு?"

தலைவர் பெட்டியை மேஜையின் ஓரம்வரை என் பக்கமாகத் தள்ளினார்.

"சுருட்டுக்காரரே, இன்னொரு தடவை என்னை ஏமாத்தலாம்னு பார்க்காதீங்க. நான் வாங்கினது கண்ணாடி மூடி. எனக்கும் அதே வேணும். கண்ணாடி போட்ட அசல் பெட்டி. நாளைக்கு வரலேன்னா கிளப் பக்கம் வர வேண்டாம்."

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கார் ஷெட் மாடி ஜன்னல் திறந்து கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புகைப்படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று உண்டு. கேட்ட அளவுக்குக் கண்ணாடி வெட்டித் தருவான். அந்தப் பக்கமாக நடந்தேன்.