தொண்ணூற்றொரு சொத்தைப் பல்

கமலவேணி டீச்சரின் மூணாம் வகுப்பைப் பற்றிச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களிலெல்லாம் பேச்சு இருந்தது. எறையூர் சர்க்கரை ஆலைக்கு இரண்டு மைல் தள்ளியிருந்த ஊர் அது. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் மற்ற வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வயலுக்குப் போய்விடும். டீச்சர் வகுப்பில் மட்டும் முப்பத்திரண்டு பேரும் ஆஜர். பதினாறாம் வாய்ப்பாட்டை எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் சொல்வார்கள்.

டீச்சர் வேலைக்கு வந்த புதிதில் இதே வகுப்பில் ஒன்பது பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள், சரியாக விடை சொன்ன ஒரு பெண்ணுக்குக் கைப்பையில் கிடந்த ஆரஞ்சு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் பதினாலு பேர் வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் பெரம்பலூரிலிருந்து மொத்தமாக வாங்கி வந்து, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். முதலில் ஒரு விடைக்கு ஒரு மிட்டாய் என்றுதான் இருந்தது. பிள்ளைகள் மளமளவென்று சொல்லும்போது, அந்தச் சந்தோஷத்தில் தானும் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார்.

எண்பத்து நாலாம் வருஷம் கார்த்திகையில், ஒரு வியாழக்கிழமை, திருச்சியிலிருந்து பல் டாக்டர் சாந்தா ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் டார்ச் லைட்டும் சின்னக் கண்ணாடியும். ஒவ்வொரு பிள்ளையாக ஆ காட்டச் சொல்லி, சொத்தையை எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தார். ஐந்தாம் வகுப்பில் பத்தொன்பது. நாலாம் வகுப்பில் இருபத்திரண்டு. மூணாம் வகுப்பில் தொண்ணூற்றொன்று. டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தார். தொண்ணூற்றொன்றுதான்.

"டீச்சர், உங்க கிளாஸ் இதுலயும் முதல் இடம்தாங்க" என்றார் தலைமையாசிரியர் தர்மராஜ்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. "எல்லாம் கரும்புங்க டாக்டர். ஆலைக்குப் போற வண்டியெல்லாம் நம்ம வாசல் வழியாத்தான் போவுது. பின்னாடியே ஓடி உருவிடுறாங்க."

"நாலாங்கிளாஸ் புள்ளைங்க உருவ மாட்டாங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"அவங்கதாங்க நல்லா ஓடுவாங்க" என்றார் தர்மராஜ். டீச்சருக்கு உதவி செய்வதாக அவருக்கு எண்ணம்.

"அப்ப பல்லு வெளக்குறதுலதான் ஏதோ கோளாறு" என்று டீச்சர் அடுத்த காரணத்துக்குத் தாவினார். டாக்டர் பிள்ளைகளையே கேட்டார். செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல், வேப்பங்குச்சி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நிறைய பேர் வெறும் விரல். ராசாங்கம் என்ற பையன் மட்டும் பெருமையாக எழுந்தான்.

"எங்க வூட்ல பேஸ்ட்டு இருக்கு டாக்டரம்மா."

"பரவால்லையே. தெனம் தேய்க்கிறியா?"

"தேய்க்க எங்கப்பா குடுக்காதுங்க. இனிப்பா இருக்கும்ல, நானா எடுத்து நக்கிக்குவேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதெல்லாம் எல்லாக் கிளாஸ்லயும் இருக்கு டீச்சர். உங்க கிளாஸ்ல வேற என்னமோ இருக்கு" என்று தாளை மறுபடி பார்த்தார். முதல் பெஞ்சில் ஆளுக்கு ஐந்து, ஆறு சொத்தை. நடுபெஞ்சில் இரண்டு, மூன்று. கடைசி பெஞ்சில் செல்லக்கண்ணு என்ற பையனுக்கு ஒன்றுகூட இல்லை. உரித்த பூண்டு மாதிரி வரிசையாக இருந்தன பற்கள்.

"நீ மிட்டாயே சாப்புட மாட்டியாடா?"

"எனக்குக் கெடைக்காதுங்க டாக்டரம்மா. எனக்குத்தான் விடையே தெரியாதே."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டாக்டர் திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். முதல் பெஞ்சிலிருந்த பாப்பாத்தி, வகுப்பிலேயே கெட்டிக்காரி, கேட்காமலே விளக்கம் சொன்னாள்: "தமிழுக்கு ரெண்டு கெடைக்கும், கணக்குக்கு நாலு. இன்ஸ்பெக்டர் வர்ற வாரம்னா எல்லாம் டபுளுங்க."

டாக்டர் டின்னைத் திறந்து பார்த்தார். கோபப்படவில்லை. "ஒரே நேரத்துல நாலு தின்னுட்டு வாயக் கொப்புளிச்சாக்கூடப் பரவால்ல டீச்சர். மணிக்கு ஒண்ணா அடக்கிட்டிருந்தா, சாயங்காலம் வரைக்கும் பல்லு சர்க்கரைத் தண்ணியிலேயே ஊறுது. இந்தக் கடைவாய்ப் பல்லு விழுந்து மொளைக்கிற பல்லும் இல்ல. போனா போனதுதான்."

டீச்சருக்குக் காது இரண்டும் சுட்டது. பாப்பாத்தி கன்னத்தில் கை வைத்து உட்காரும்போதெல்லாம் கணக்கு யோசிக்கிறாள் என்றே நினைத்திருந்தார். ஒருமுறை அதற்காக அவளைப் பாராட்டியும் இருக்கிறார்.

"நீங்களும் ஒருக்கா ஆ காட்டுங்க" என்றார் டாக்டர்.

"எனக்கு வலியே இல்லைங்களே."

கண்ணாடி உள்ளே போயிற்று. இடது பக்கக் கீழ்க்கடைவாயைத் தொட்டதும் டீச்சர் நாற்காலியோடு துள்ளினார். "பதினஞ்சு நாள்ல புடுங்கற சாமானோட வரேன். மொதல்ல உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் டின் இல்லை. "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டார் டீச்சர். ஒரு கைகூட உயரவில்லை. பாப்பாத்திக்குத் தெரியும் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். வேர்க்கடலை கொண்டுவந்து பார்த்தார். வாங்கித் தின்றுவிட்டு மறுபடி ஊமையானார்கள். மூன்றாம் நாள் பாப்பாத்தியின் அம்மா ராசாத்தி வாசலில் வந்து நின்றாள்.

"என்னத்த டீச்சர் பழக்கி வச்சிருக்கீங்க? ஆட்டப் புடிச்சுக் கட்டுடின்னா, கட்டுனா என்ன தருவேன்னு கேக்குறா. அவ அப்பா பேரச் சொல்லுன்னாகூட கைய நீட்டுவா போலருக்கு!"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். 

ராசாத்தி போனதும் பாப்பாத்தி மெதுவாக எழுந்தாள். "டீச்சர், உங்களுக்குப் பல்லு புடுங்கறத நாங்க பாக்கலாமா?"

முப்பத்திரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்படியொரு நிமிர்வை டின் போனதிலிருந்து டீச்சர் பார்க்கவில்லை. டீச்சருக்கு அந்த வாய்ப்பை விட மனசு வரவில்லை.

"அதுவரைக்கும் யாரு நெறைய விடை சொல்றாங்களோ, அந்த ஆறு பேரு பக்கத்துலயே நின்னு பாக்கலாம்."

அன்றைக்கே ஏழெட்டு ஐம்பத்தாறாயிற்று. ஆடு மேய்க்கும்போதுகூட செல்லக்கண்ணு வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டு திரிவதாக ஊரில் சொன்னார்கள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் ஏறி, ஆறாவது ஆளாக இடம் பிடித்துவிட்டான்.

சொன்னபடி பதினைந்தாம் நாள் டாக்டர் சாமானோடு வந்தார். கத்தக் கூடாது என்று டீச்சர் முந்தின நாளே முடிவு செய்திருந்தார். ஊசி உதட்டுக்குப் பக்கத்தில் வருவதற்குள்ளேயே கத்திவிட்டார். அடுத்த அறையிலிருந்து தர்மராஜ் ஓடிவந்தார். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லிங்க சார்" என்று செல்லக்கண்ணு அவருக்கு விவரம் சொன்னான். கடைசியில் பல் தட்டில் டங்கென்று விழுந்தபோது ஆறு பேரும் கை தட்டினார்கள்.

அடுத்தது யார் என்று டாக்டர் கேட்டார். கை தட்டியவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். பாப்பாத்திதான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பயப்படாதே என்று சொல்லப்போன டீச்சருக்குப் பஞ்சு அடைத்த வாயிலிருந்து "பபபாபே" என்றுதான் வந்தது. பாப்பாத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த வாயை மூடுவதற்குள் டாக்டர் வேலையைத் தொடங்கிவிட்டார். அன்றைக்குப் பதினோரு பிள்ளைகள் அந்த நாற்காலியில் ஏறி இறங்கினார்கள்.

டீச்சருக்குப் பிடுங்க வேறு பல் இல்லாததால் அடுத்த வாரமே வருகை குறைந்தது. வெட்டு மும்முரமான மார்கழியில் நாலு பேரைக் காணவில்லை. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாகக் கரும்பு வயலுக்கே போய்விட்டார். டீச்சரைப் பார்த்ததும் மூன்று பேர் தானாக வந்து பின்னால் நின்றுகொண்டார்கள். நாலாவது பையன் அரியமுத்துவின் அப்பா அருவாளைக் கீழே வைக்கவில்லை.

"இவன் போயிட்டா கரும்புக் கட்டு தூக்கிவிட ஆளு ஏதுங்க டீச்சர்?"

 டீச்சர் குடையை மடக்கி வரப்பில் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எந்தக் கட்டு, காட்டுங்க" என்றார்.