வெப்பக் கருவியில் தெரிந்தவர்

இந்த மனிதருக்குள் இவ்வளவு சூடு எங்கே இருந்தது? இருட்டில் உடல்சூட்டை வெள்ளையாகக் காட்டும் வெப்பக் கருவியைக் கண்ணில் வைத்துக் கணவனைப் பார்த்த ஹம்சாவுக்கு அப்படித்தான் தோன்றியது. சுதர்சனின் முகமும் கைகளும் வெள்ளையாக ஒளிர்ந்தன. கோதுமை வயலை நாசம் செய்துகொண்டிருந்த காட்டுப்பன்றிகளும் அதே வெள்ளையில்தான் ஒளிர்ந்தன.

குழந்தை வயிற்றிலேயே போனதிலிருந்து அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “பன்றி வேட்டைக்கு நீயும் வாயேன்” என்று கூப்பிட்டதும், வழியிலாவது பேசுவான் என்று நம்பி புறநகர் வென்ட்வேர்த்வில்லிலிருந்து இவ்வளவு தூரம் கிளம்பி வந்தாள். வழி நெடுகத் துப்பாக்கியைப் பற்றியே பேசினான்.

அவள் காட்டிய திசையில் சுட்டான். ஒரு பன்றி சாய்ந்தது. மற்றவை ஓடைப் பக்கம் ஓடின. தரையில் வெள்ளையாகப் பரவிய ரத்தம் சூடு ஆறி மெல்ல மங்கி, மண்ணோடு மண்ணாகி மறைந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சூப்பர்டி! எப்பவும் கூட வர்ற நவீனைவிட உனக்குத்தான் கண்ணு ஷார்ப்.”

“அவர் வரலைன்னுதான் என்னைக் கூப்பிட்டீங்களா?”

“பின்னே? பார்த்துச் சொல்ல ஆள் வேணாமா? இனிமே மாசாமாசம் நீயே வந்துடு. சரி, மத்ததெல்லாம் எந்தப் பக்கம் ஓடுச்சு?”

ஹம்சா கருவியை அணைத்து, வண்டியின் இருக்கையில் வைத்தாள்.

“நான் சொல்ல மாட்டேங்க” என்றாள்.