உளித்தடம் போட்ட அலமாரி

அமுதவல்லி கொச்சியில், கொச்சங்காடியில் பினுவின் மரப் பட்டறையில் சிஎன்சி ரூட்டர் ஓட்டுகிறாள். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அதன்படியே மரத்தை வெட்டிச் செதுக்கும் எந்திரம் அது. மட்டாஞ்சேரியில் கஃபே நடத்தும் மாதுரி ஒருநாள் அங்கே வந்து, மிளகும் ஏலக்காயும் போட்டு வைக்கப் பதினாறு டிராயர் உள்ள தேக்கு அலமாரி கேட்டாள். அதுவரை சரி.

"முகப்பு இத்தன வழவழப்பா வேண்டா. கையால செதுக்கின மாதிரி இருக்கணும். அங்கங்க உளி பட்ட தடம், கொஞ்சம் கோணல்."

"எந்திரத்த வச்சுத் தப்பு தப்பா வெட்டச் சொல்றீங்களா, சேச்சி?"

"தப்பில்ல. அதான் அழகு."

அமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பினு முறைத்ததால் அடக்கிக்கொண்டாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, முகப்புக்கு வரைந்த ஒழுங்கான பூவேலையை ஒழுங்கில்லாமல் ஆக்கினாள். ஒரு தடம் அரை மில்லிமீட்டர் ஆழம், அடுத்தது முக்கால், ஒன்று இடப்பக்கம் சாய்வு. டிராயர்களை மட்டும் மயிரிழை பிசகாமல் வெட்டினாள். அதெல்லாம் இந்தச் சேச்சியின் கண்ணில் எங்கே படப்போகிறது!

அலமாரியைக் கஃபேயில் இறக்கிய அன்று அமுதவல்லியின் கணவன் நல்லசிவமும் கைகொடுக்க வந்திருந்தான். அரிசிக் குடோனில் மேஸ்திரி. நரைத்த மீசை, நல்ல உயரம். ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. மாதுரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சேட்டா, இந்த உளியப் பிடிச்சுட்டு அலமாரி பக்கத்துல நில்லுங்க. ஒரு போட்டோ."

அவன் நின்றான். "வல்லி, கொஞ்சம் தள்ளிக்கோ. உன் நிழல் விழுது" என்றும் சொன்னான்.

செதுக்கியவர் இவர்தான் என்று நெட்டில் போட்ட அந்தப் படத்தைப் பார்த்து ஆட்கள் வரத் தொடங்கியதும், ஞாயிறுதோறும் உளியோடு வந்து உட்காரச் சொன்னாள் மாதுரி. அவன் புது முண்டு வாங்கினான். முதல் வாரம் வீட்டில் "நம்ம அலமாரி" என்றான். நாலாவது வாரம் "நான் செஞ்ச அலமாரி" ஆகிவிட்டது. அமுதவல்லி அவன் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு மதியம் மாதுரி போன் செய்தாள். "சீக்கிரம் வா. சேட்டன் கைய வெட்டிக்கிட்டாரு."

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி பலகையை நீட்டி, குழந்தையின் பெயரைச் செதுக்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் எழுத்திலேயே உளி கட்டைவிரலில் இறங்கிவிட்டது. அமுதவல்லி போனபோது நல்லசிவம் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கும்பிடு போடுபவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"அவருக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்று காதோடு சொன்னாள் மாதுரி.

அமுதவல்லி அந்தத் தம்பதியின் பக்கம் திரும்பினாள். "இவருக்குச் செதுக்கத் தெரியாதுங்க. இத எந்திரத்துல வெட்டுனது நான். இந்த உளித்தடம்கூட நான் கம்ப்யூட்டர்ல போட்டதுதான்."

எப்படிப் போட்டாய் என்று ஒருவராவது கேட்பார்கள் என நினைத்தாள்.

"ஓ, மிஷினா" என்றாள் அந்தப் பெண். படம் எடுக்க நீட்டிய போனைப் பைக்குள் வைத்தாள். அவள் கணவன் காப்பி எங்கே என்று கேட்டான். அமுதவல்லி ஒரு டிராயரை இழுத்துத் தள்ளினாள். சத்தமில்லாமல் உள்ளே போய் நின்றது. யாரும் பார்க்கவில்லை. இவர்களிடம் போய்ச் சொன்னோமே என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு தையல். வெளியே வந்ததும் நல்லசிவம் சொன்னான், "அத்தன பேர் முன்னாடி என்னக் கேவலப்படுத்திட்டயே."

"உளியப் பிடிக்கவே தெரியல உங்களுக்கு. நான் வேற கேவலப்படுத்தணுமா?"

இனி போகமாட்டான் என்று நம்பினாள். அடுத்த ஞாயிறு முண்டை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினான். விரல்கட்டு படத்தில் நன்றாக இருக்கும் என்று மாதுரி சொன்னாளாம்.

ஒரு மாதம் கழித்து மாதுரி இன்னும் இரண்டு அலமாரி கேட்டு வந்தாள். "அதே தடம் வேணும்."

"வராது, சேச்சி. வழவழன்னுதான் வரும். தடம் வேணும்னா எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழம அங்க சும்மாதான இருக்காரு."

மாதுரி பினுவைப் பார்த்தாள். அந்த எந்திரத்துக்கு வரைந்து கொடுக்கத் தெரிந்தவர் பட்டறையில் வேறு யாரும் இல்லை.

"சரி, வழவழன்னே போடு" என்றாள் மாதுரி.

அமுதவல்லி அளவு எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தாள். எதிரே நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. மாதுரியை உட்காரச் சொல்லவில்லை.